நாணயம் கைமாறும் கணக்கு

“ஒரு கல்யாணச் சமையல் காண்டிராக்டருக்கு இணையத்தில் 12 பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள். 12 பேரும் பாராட்டு. இன்னொருவருக்கு 900 பேர் எழுதியிருக்கிறார்கள், அதில் 90 பேர் குறை சொல்லியிருக்கிறார்கள். யாருக்கு முன்பணம் கொடுப்பது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இதற்குப் பள்ளிக்கூட நிகழ்தகவே போதும். முதலாமவர் உண்மையில் 100 வீட்டில் 78 வீட்டை மட்டும் திருப்திப்படுத்துபவர் என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்டவருக்கும் வரிசையாக 12 பாராட்டு விழலாம். 0.78-ஐ 12 முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.05, அதாவது இருபதில் ஒரு வாய்ப்பு. ஆகவே 12-க்கு 12 என்பதை வைத்துக்கொண்டு அவர் 78-க்கு மேற்பட்டவர் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம், அதற்கு மேல் முடியாது. 900 பேர் எழுதியவரின் உண்மையான அளவோ 88-க்கும் 92-க்கும் நடுவில்தான் இருக்கும். சராசரி எதிர்பார்ப்பை மட்டும் பார்த்தால் 12 பேர் எழுதிய புதியவர் கொஞ்சம் மேலே இருக்கிறார். பாராட்டோடு 1, மொத்தத்தோடு 2 கூட்டி வகுக்கும் லாப்லாஸ் விதிப்படி அவருக்கு 13/14, அதாவது 92.9%. பழையவருக்கு 811/902, அதாவது 89.9%. சாயங்கால பஜ்ஜிக்குப் புதியவரிடம் தாராளமாகப் போகலாம். கல்யாணம் ஒரு நாள் கூத்து. பந்தியில் சாம்பார் ஊசிப்போனால் மறுநாள் திருத்திக்கொள்ள வழியில்லை. அங்கே பார்க்க வேண்டியது மோசமான பக்கத்து எல்லையை: ஒருவருக்கு 78, மற்றவருக்கு 88. 900 பேர் எழுதியவரையே கூப்பிடுங்கள்.

ஆனால் இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தச் சமையல்காரர் நமக்கு ஏன் ஒழுங்காகச் சமைக்க வேண்டும்? நம் வீட்டில் அடுத்த கல்யாணம் வர இருபது வருஷம் ஆகலாம். நல்ல நெய்க்குப் பதில் வனஸ்பதி ஊற்றினால் லாபம் இன்றைக்கே கையில்.

தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. இயங்கும் முறையிலும் இரண்டும் ஒன்றுதான். எனக்குக் கதவு செய்து கொடுத்த தச்சருக்கு நான் பதிலுக்குக் கதவு செய்து தர வேண்டியதில்லை. காசு கொடுக்கிறேன், அவர் அதை அரிசிக்கடையில் மாற்றிக்கொள்கிறார். நற்பெயரும் இப்படியே கைமாறுகிறது. நம் வீட்டில் நன்றாகச் சமைத்ததற்கான பலனை அவருக்கு நம் சம்பந்தி வீட்டின் அடுத்த ஆர்டர் தருகிறது. உயிரியலில் இதை மறைமுகக் கைம்மாறு என்கிறோம்.

இதற்குக் கணக்கு போட்டவர்கள் மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்மண்ட் இருவரும், 1998-ல். கணினியில் ஒரு கூட்டத்தை உருவாக்கினார்கள். ஒவ்வொருவர் நெற்றியிலும் −5 முதல் +5 வரை ஒரு மதிப்பெண். உதவினால் ஒன்று ஏறும், மறுத்தால் ஒன்று இறங்கும். உதவுபவருக்குச் செலவு உண்டு, பெறுபவருக்கு அதைவிடப் பெரிய நன்மை உண்டு. எதிரே வருபவரின் மதிப்பெண்ணைப் பார்த்து உதவலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர்கள் இருந்தால், அந்தக் கூட்டத்தில் ஒத்துழைப்பு நிலைக்க முடிந்தது. எப்போது நிலைக்கும் என்பதற்கு ஓர் எளிய நிபந்தனையும் கிடைத்தது: ஒருவரின் பெயர் எதிரே வருபவருக்குத் தெரிந்திருக்கும் வாய்ப்பு, செலவை நன்மையால் வகுத்தால் வரும் எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

எண்ணாகச் சொன்னால், ஒழுங்காக நடந்துகொள்ள எனக்கு ஆகும் கூடுதல் செலவு 20 ரூபாய், அதனால் எதிராளிக்கு 100 ரூபாய் நன்மை என்றால், ஐந்தில் ஒருவருக்கு மேல் என் பெயரை அறிந்திருந்தாலே நேர்மை கட்டுப்படியாகும். செலவு 80 ரூபாய் என்றால் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அறிந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓர ஓட்டலில் சாப்பாடு மட்டமாகவும் தெருமுனை மெஸ்ஸில் நன்றாகவும் இருப்பதற்கு முதலாளிகளின் குணம் மட்டும் காரணமில்லை. நெடுஞ்சாலையில் இன்று சாப்பிட்டவரின் வாய்ச்சொல் நாளை வருபவரை எட்டுவதில்லை.

இந்த மாதிரியில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைத்த விதம் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி.

ஏமாற்றுக்காரர் ஒருவர் கடன் கேட்கிறார், நான் மறுக்கிறேன். சரியான செயல்தான். ஆனால் நோவாக் மாதிரியில் மறுத்த கணமே என் மதிப்பெண் ஒன்று இறங்கிவிடும். அடுத்து வருபவர் என்னையும் கெட்டவன் என்று எண்ணி மறுப்பார், அவர் மதிப்பெண்ணும் இறங்கும். ஒரே ஒரு ஏமாற்றுக்காரர் போதும், நல்லவர்கள் வரிசையாகச் சரிவார்கள். ஆகவே ‘என்ன செய்தார்’ என்று மட்டும் பார்த்தால் போதாது, ‘யாருக்குச் செய்தார்’ என்பதும் கணக்கில் வர வேண்டும்.

ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் ஒட்சுகி, இவாசா இருவரும் 2004-ல் எல்லா விதிகளையும் ஒன்றுவிடாமல் சோதித்தார்கள். ஒரு செயலை மதிப்பிட மூன்று விவரங்கள்: செய்தவர் இதுவரை நல்லவரா கெட்டவரா, எதிராளி நல்லவரா கெட்டவரா, உதவினாரா மறுத்தாரா. 2×2×2 என 8 சூழல்கள். ஒவ்வொன்றுக்கும் ‘நல்லது’ அல்லது ‘கெட்டது’ என்று தீர்ப்பு எழுதலாம் என்பதால் 2-ஐ 8 முறை பெருக்க 256 மதிப்பீட்டு விதிகள். எப்படி நடந்துகொள்வது என்பதற்குத் தன் பெயர், எதிராளியின் பெயர் என 4 சூழல்கள், ஆகவே 16 நடத்தை விதிகள். 256×16 = 4,096 சமூகங்கள். இவற்றில் ஏமாற்றுக்காரர்கள் உள்ளே புகுந்தாலும் குலையாமல், ஒத்துழைப்பையும் உயரத்தில் தக்கவைத்தவை எத்தனை தெரியுமா? வெறும் 8.

அந்த 8-ஐ அருகருகே வைத்துப் பாருங்கள். ஐந்து தீர்ப்புகள் எட்டிலும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்கின்றன. நல்லவர் நல்லவருக்கு உதவினால் நல்லவராகவே நீடிப்பார். நல்லவருக்கு மறுத்தால் பெயர் கெடும். கெட்டவருக்கு மறுத்தால் பெயர் கெடாது, ஓட்டை அடைபடுவது இங்கேதான். பெயர் கெட்டவர் ஒரு நல்லவருக்கு உதவினால் மீண்டும் நல்லவர். நல்லவருக்கு மறுத்தால் கெட்டவராகவே தொடர்வார். மீதம் மூன்று சூழல்களில் எதிராளி கெட்டவர்: நல்லவர் போய்க் கெட்டவருக்கு உதவுவது, கெட்டவர் கெட்டவருக்கு உதவுவது, கெட்டவர் கெட்டவருக்கு மறுப்பது. இந்த மூன்றில் தீர்ப்பு எப்படி இருந்தாலும் சமூகம் தாங்குகிறது. 2×2×2 = 8. அந்த எட்டு வந்த வழி அதுதான்! பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபட இடமுள்ள கட்டங்களும், எங்கேயும் விட்டுக்கொடுக்க முடியாத கட்டங்களும் கணக்கிலேயே பிரிந்து நிற்கின்றன.

ஒரு நிர்வாகி இதிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு. சரக்கில் கலப்படம் செய்த ஒருவருக்கு ஆர்டரை நிறுத்துகிறீர்கள் என்றால், காரணத்தைச் சம்பந்தப்பட்டவர்கள் அறியச் செய்யுங்கள். வெளியில் நிற்பவருக்கு உங்கள் செயல் மட்டும் தெரிந்து எதிராளியின் நிலை தெரியாவிட்டால், நியாயமான மறுப்பும் வெறும் மறுப்பாகவே பதிவாகும். ஊழியர் ஒருவரை வேலையைவிட்டு நீக்கிவிட்டு மௌனமாக இருக்கும் அலுவலகங்களில் மீதிப் பேர் நிர்வாகத்தின் மேல் நம்பிக்கை இழப்பது இப்படித்தான்.

எட்டு விதிகளுக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. ஒருவரைப் பற்றி எல்லோரும் ஒரே கருத்து வைத்திருப்பார்கள் என்ற அனுமானத்தில் அவை நிற்கின்றன. ஆளுக்கொரு தகவல், அதிலும் தவறுகள் என்றால், ஒரு சிறு கருத்து வேறுபாடு பெருகிக் கூட்டம் பிளவுபடுகிறது என்று 2018-ல் கிறிஸ்டியன் ஹில்பே குழுவினர் காட்டினார்கள். எல்லோரும் பார்க்கும் ஒரே பலகை இருந்தால்தான் பெயர் காசாகும்.

இது மனிதருக்கு மட்டும் உரியதல்ல. இந்தியப் பெருங்கடல், பசிபிக் பவளப்பாறைகளில் விரல் நீளத் துப்புரவு மீன் ஒன்று வாழ்கிறது. பெரிய மீன்கள் அதனிடம் வந்து நிற்கும், அது அவற்றின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்னும். ஆனால் அதற்கு உண்மையில் பிடித்தது ஒட்டுண்ணி அல்ல, வாடிக்கை மீனின் மேலுள்ள வழவழப்புப் படலம். அதைக் கடித்தால் பெரிய மீன் வெடுக்கென்று துள்ளும். ரெடுவான் ப்ஷாரி, அலெக்சாண்ட்ரா கிரட்டர் இருவரும் 2006-ல் கண்டது இது: ஒழுங்காக வேலை செய்யும் மீனைப் பார்த்த வாடிக்கை மீன் அதன் பக்கமே அதிக நேரம் நின்றது. வாடிக்கை மீனுக்குப் பதில் தீனித் தட்டுகளை வைத்து, பிடித்த தீனியைத் தொட்டால் வேறு தட்டுகள் விலகிவிடும் என்ற நிலையை உருவாக்கியபோது, துப்புரவு மீன் பிடிக்காத தீனியையே தின்னப் பழகியது. பார்ப்பவர் இருந்தால் ஒழுங்கு! மீன் பல் குத்துவதை ஆராய அரசுப் பணமா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. சந்தையின் அடிப்படை விதி ஒன்று மூளையின் அளவைச் சார்ந்ததல்ல என்று இந்த ஆய்வுதான் காட்டியது. இத்தகைய அடிப்படை ஆய்வுக்குப் பணத்தைக் குறைப்பது பெரிய தவறு.

பெயருக்கு ரூபாய் மதிப்பு எவ்வளவு? பால் ரெஸ்னிக் குழு ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் அளந்தது. நீண்டகாலம் பழைய அஞ்சலட்டைகளை விற்றுவந்த ஒருவர், ஒரே மாதிரியான சரக்கைத் தன் பழைய கணக்கிலும் புதிதாகத் தொடங்கிய கணக்குகளிலும் விற்றார். பழைய பெயருக்கு வாங்குவோர் 8.1% கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார்கள். புதியவர் செலுத்தும் நுழைவுக் கட்டணம் அது. பெயர் கெட்டவர் பெயரை மாற்றிக்கொண்டு புதியவர்போல் வரலாம் என்பதால், எல்லாப் புதியவரும் கொஞ்சம் சந்தேகத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது. வியாபாரம் படுத்தால் எண்கணிதம் பார்த்துக் கடைப் பெயரை மாற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பழைய பெயரில் சேர்ந்த நம்பிக்கை அத்தனையையும் அழித்துவிட்டு, அந்த நுழைவுக் கட்டணத்தை மறுபடி முதலிலிருந்து கட்டுவதுதான் அதன் பலன்.

பலகை கெட்டுப்போகும் வழிகளும் உண்டு. ஈபேயில் விற்றவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் மதிப்பிட்டபோது, பழிவாங்கலுக்குப் பயந்து குறை எழுதவே ஆள் இல்லை. 2008-ல் விற்பவர்கள் வாங்குவோரைப் பற்றிக் குறை எழுதுவதைத் தளம் நிறுத்தியது. தங்க வீடு வாடகைக்குத் தரும் ஏர்பிஎன்பி தளம் 2014-ல் வேறு வழி எடுத்தது: இருவரும் எழுதி முடித்த பிறகு, அல்லது 14 நாள் கெடு முடிந்த பிறகுதான் இரண்டும் வெளியே தெரியும். காசு கொடுத்து எழுத வைக்கும் பொய்ப் பாராட்டுக்கு எதிராக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டது. விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில் வந்தது. கள்ள நோட்டு அடிப்பதைக் குற்றம் என்கிறோம், கள்ளப் பாராட்டு அச்சடிப்பதும் அதே வகைக் குற்றம்தான். அந்தத் தரம் கட்டாயமாக வேண்டும்.

நெருக்கடியில் தலைமை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு 1982 சிகாகோ இன்றும் பாடம். யாரோ கடை அலமாரியில் இருந்த டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரைக் கூடுகளில் சயனைடு கலந்ததில் 7 பேர் இறந்தார்கள். தவறு தொழிற்சாலையில் நடக்கவில்லை, இறப்புகளும் சிகாகோ வட்டாரத்தோடு நின்றன. ஆனாலும் அந்த மருந்தின் சொந்தக்காரரான, ஜேம்ஸ் பர்க் தலைமையிலிருந்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நாடு முழுவதிலிருந்தும் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல். இந்தக் காலாண்டு லாபத்தை மட்டும் நினைப்பவரால் செய்ய முடியாத செலவு என்பதால்தான் அது நம்பப்பட்டது. அதோடு நிற்கவில்லை. ஒட்டிய அட்டைப்பெட்டி, கழுத்தில் பிளாஸ்டிக் வளையம், வாயில் தகட்டு மூடி என மூன்று அடுக்கோடு மருந்து திரும்பி வந்தது. யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று வாங்குபவர் இனித் தன் கண்ணாலேயே பார்க்கலாம். சரிந்த சந்தையின் பெரும்பகுதி ஓராண்டுக்குள் மீண்டது.

சரி, அந்த 90 குறைகளுக்கு வருவோம். ஈபே விற்பனையாளர்களை ஆராய்ந்த கப்ரால், ஹோர்தாசு இருவரும் 2010-ல் எழுதியது: முதல் குறை விழுந்ததும் வாரம் 5% வளர்ந்துகொண்டிருந்த விற்பனை 8% வீழ்ச்சியாக மாறுகிறது. அடுத்த குறைகள் முதலாவதைவிட 25% வேகமாக வருகின்றன. தளத்தைவிட்டு வெளியேறப் போகும் விற்பனையாளர்களுக்கோ கடைசி நாள்களில் குறைகள் வழக்கத்தைவிட அதிகம். கடையை மூடப் போகிறவருக்குப் பெயர் இனி மாற்ற முடியாத நோட்டு, அதனால் இருப்பதைச் செலவழித்துவிடுகிறார். ஆகவே சராசரியைப் பார்த்த கையோடு ‘புதியவை முதலில்’ என்று வரிசை மாற்றி, தேதிகளைப் படியுங்கள். 90 குறைகளும் பல வருஷங்களில் பரவிக் கிடந்தால் கவலை வேண்டாம். அதில் 40 கடந்த மூன்று மாதத்தில் வந்திருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், இந்த மாதம் அவர் சமைக்கும் ஏதாவது ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள்.