ஆறு கடிதம் போட்டுவிட்டால் கலந்தாலோசனை முடிந்துவிடாது

போன வாரம் ஒரு தம்பி தடித்த கோப்பு ஒன்றை என் மேசையில் வைத்தார். கனடாவின் வடக்கு ஒன்ராறியோவில் ஒரு தனியார் சாலைத் திட்டம். பூர்வகுடிகளின் உரிமையைப் பாதிக்கக்கூடிய திட்டத்துக்கு அனுமதி தரும் முன் அவர்களோடு கலந்து பேச வேண்டும் என்பது சட்டம். அட்டையில் பச்சை மையில் 'பூர்வகுடிக் கலந்தாலோசனை - முடிந்தது' என்று எழுதியிருந்தது. உள்ளே ஆறு கடித நகல்களும் ஆறு பதிவுத் தபால் ரசீதுகளும் இருந்தன. பதில் ஒன்றுகூட இல்லை.

"பதில் வரவில்லை அண்ணா. அப்படியென்றால் ஆட்சேபணை இல்லைதானே?"

இந்த வருடம் எனக்கு வந்த மூன்றாவது கோப்பு இது. தேதிகளைப் பார்த்தேன். ஆறில் மூன்று கடிதங்கள் மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடும் காலத்தில் போயிருக்கின்றன. அந்தப் பூர்வகுடி ஊரில் பாதிப் பேர் காட்டில் இருக்கும் நேரம் அது.

சரி, தபாலை விடுங்கள். எனக்கு எரிச்சல் வந்தது அவர் அடுத்துச் சொன்னதில்தான்: "அரசாங்கம் அவர்களுக்குக் கொடுத்த சலுகைதானே அண்ணா இது."

இல்லை. கலந்தாலோசனை அவர்களின் உரிமையிலிருந்து வருவது. 1982ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம், 35ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். ஏற்கெனவே இருக்கிற பூர்வகுடி உரிமைகளும் உடன்படிக்கை உரிமைகளும் 'அங்கீகரிக்கப்பட்டு உறுதிப்படுத்தப்படுகின்றன' என்கிறது. வழங்கப்படுகின்றன என்று சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் உங்கள் அப்புவின் காணிக்கு உறுதி எழுதிய நொத்தாரிசு, அந்தக் காணியைக் கொடுத்தவர் ஆகிவிடுவாரா? அதே கதைதான் இதுவும். இன்னொன்று: இந்தப் பிரிவு, அதே சட்டத்தில் குடிமக்களின் அடிப்படை உரிமைகளைச் சொல்லும் பகுதியான உரிமைகள் சாசனத்துக்கு வெளியே இருக்கிறது. சாசன உரிமைகளை ஓரங்கட்ட மாகாணங்கள் எடுக்கும் 33ஆம் பிரிவு இதன்மேல் செல்லாது.

'அதெல்லாம் பழைய காகிதம்' என்பவர்களுக்கு ராபின்சன் உடன்படிக்கைகள். அரசும் பூர்வகுடிகளும் 1850இல் கையெழுத்திட்டவை. ஹியூரன், சுப்பீரியர் ஏரிகளின் வடகரையில் கிடைக்கும் வருமானம் கூடினால், நிலத்துக்காகப் பூர்வகுடிகளுக்குக் கொடுக்கும் ஆண்டுத்தொகையும் கூடும் என்பது ஏற்பாடு. 1875இல் ஆளுக்கு 4 டாலர் ஆக்கினார்கள். அத்தோடு நிறுத்திவிட்டார்கள். சுரங்கமும் மரமும் எத்தனையோ பேரைப் பணக்காரராக்கிய பிறகும் அதே 4 டாலர். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அரசைக் கடுமையாகவே கண்டித்தது. இது எங்கோ வடக்கின் கதை என்று நினைக்க வேண்டாம். ஸ்கார்பரோவில் வீடு வாங்கியவர்கள் 1923ஆம் ஆண்டு வில்லியம்ஸ் உடன்படிக்கைகளின் நிலத்தில்தான் குடியிருக்கிறீர்கள். அந்த உடன்படிக்கைகள் பற்றிப் பூர்வகுடிகள் தொடுத்த வழக்கு 2018இல் 1.1 பில்லியன் டாலரோடு தீர்ந்தது.

தம்பி போன்றவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது கிளைட் ரிவர் வழக்கு. நுனாவுட்டில் ஒரு சிறிய இனுயிட் ஊர். கடலில் எண்ணெய் தேட நில அதிர்வுச் சோதனை செய்ய நிறுவனங்கள் வந்தன. எங்கள் கடல் விலங்குகளுக்கு என்ன ஆகும் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டார்கள். பதில் இல்லை. சில மாதம் கழித்து 3,926 பக்க ஆவணம் இணையத்தில் ஏறியது. இனுக்டிடுட் மொழியில் அதில் சொற்பமே இருந்தது. அந்த ஊரின் இணைய வேகத்தில் அதைத் தரவிறக்கவே முடியாது. 2017இல் உச்ச நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. 3,926 பக்கத்துக்கே அந்தக் கதி. தம்பியின் கடிதங்கள் ஒவ்வொன்றும் ஒரே பக்கம்.

அதற்காக இது திட்டத்தையே தடுக்கும் வேட்டோ அதிகாரமும் இல்லை. அதே நாளில் தீர்ப்பான தேம்ஸ் சிப்பவா குழாய்வழி வழக்கில் பூர்வகுடிகள் தோற்றார்கள். அங்கே பங்கேற்க நிதி கொடுத்திருந்தார்கள், வாய்மொழி விசாரணை நடந்தது, கவலைகளுக்கு நிபந்தனைகள் வழியாகப் பதில் சொன்னார்கள்.

"கடமை அரசுடையதுதானே, எங்களுக்கென்ன?" என்றும் கேட்பீர்கள். சட்டப்படி சரிதான், 2004இல் ஹைடா பூர்வகுடிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஆனால் ரத்தாகப்போவது உங்கள் அனுமதி.

ஆகவே, தயவுசெய்து: பாதையை முடிவு செய்யும் முன்பே போங்கள், கோடு போட்ட பிறகு போகாதீர்கள். வேட்டைக் காலம் எப்போது என்று கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள். அவர்கள் தங்கள் நிபுணரை அமர்த்தச் செலவைக் கொடுங்கள். அது லஞ்சம் இல்லை, பயப்படாதீர்கள். யார் என்ன கேட்டார், அதனால் வடிவமைப்பில் எது மாறியது என்று எழுதி வையுங்கள். எதுவுமே மாறவில்லை என்றால் நீதிபதி முதலில் பார்ப்பது அதைத்தான். அப்புறம், பக்கத்தில் நடக்கும் மற்றத் திட்டங்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சிறுசிறு அனுமதிகளாகச் சேர்ந்து, அரசு பூர்வகுடிகளோடு செய்த உடன்படிக்கை 8ஐ மீறியதாக 2021இல் பிரிட்டிஷ் கொலம்பியா நீதிமன்றம் புளூபெரி ரிவர் மக்கள் பக்கம் தீர்ப்பளித்திருக்கிறது.

தம்பியை என் முன்னாலேயே அந்தப் பூர்வகுடி ஊரின் நில அலுவலகத்துக்கு போன் செய்ய வைத்தேன். இரண்டாவது மணியில் ஒரு பெண் எடுத்தார். கடிதங்கள் வந்தன என்றார். சாலை ஓடையை எந்த இடத்தில் கடக்கிறது என்று கேட்டார்.

தம்பி கோப்பைப் புரட்டினார். ஆறு கடிதத்திலும் வரைபடம் இல்லை.