மூளையும் உம் கொட்டும்

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இறுதியாண்டுப் பொறியியல் மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். மானாவாரி நிலத்தில் மண்ணின் ஈரத்தை அளந்து சொல்லும் சின்னக் கருவி ஒன்றைச் செய்திருக்கிறாராம். நிதி கேட்டு ஒரு குழுவின் முன் பத்து நிமிடம் பேச வேண்டும். "எண்களை விடு, கதையாகச் சொல் என்கிறார்கள். கதை கேட்டால் மூளைக்குள் அப்படி என்னதான் நடக்கிறது? இதில் அறிவியல் உண்டா, இல்லை பேச்சுப் பயிற்சி வகுப்புக்காரர்கள் விடும் சரடா?" என்பது அவருடைய கேள்வி.

சரடை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். கதை கேட்டால் 'அன்பு ஹார்மோன்' ஆக்சிடாசின் சுரக்கும், அதில் மனம் இளகிக் கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள் என்று பல வகுப்புகளில் சொல்கிறார்கள். ரத்தத்தில் ஆக்சிடாசின் எவ்வளவு என்று அளந்து, மூளைக்குள் எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதை மூக்கில் தெளித்துச் செய்த பழைய சோதனைகள் பலவும் மறுபடி செய்தபோது அதே முடிவைத் தரவில்லை. அதை நம்பி மேடையேற வேண்டாம்.

கதை நினைவில் நிற்கும் என்பது பழைய செய்தி, உறுதியான செய்தி. 1969இல் கார்டன் பவர், மைக்கேல் கிளார்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் பத்துப் பத்துச் சொற்களாக 12 பட்டியல்கள் கொடுத்தார்கள். பாதிப் பேர் சொற்களைக் கோத்துத் தாங்களே கதை கட்டிக்கொண்டார்கள். மீதிப் பேர் அதே நேரத்தில் வெறுமனே மனப்பாடம் செய்தார்கள். கடைசியில் எல்லாப் பட்டியலையும் சேர்த்துக் கேட்டபோது கதை கட்டியவர்களுக்கு 93 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 13 சதவீதம். ஆனால் என்னை இத்தனை வருடமாகப் பிடித்து வைத்திருக்கும் விஷயம் இதுவல்ல.

எங்கள் ஆச்சி கதை சொல்ல ஒரு நிபந்தனை வைப்பாள். உம் கொட்ட வேண்டும். விளக்கை அணைத்த பிறகு, பாயில் படுத்தபடி, அவள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'உம்'. உம் நின்றால் கதையும் நின்றுவிடும். "என்னலே, தூங்கிட்டியா?" கதை சுவாரசியமாக ஓடும்போது என் உம் அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே வந்து விழும். அப்போது அவள் குரலில் ஒரு சந்தோஷம் ஏறும். அந்த முந்திக்கொண்ட உம்மைத்தான் பிற்பாடு ஓர் ஆய்வுக் கட்டுரையில் வரைபடமாகப் பார்த்தேன்.

2010இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கிரெக் ஸ்டீஃபன்ஸ், லாரன் சில்பர்ட், யூரி ஹாசன் மூவரும் செய்த சோதனை அது. ஒரு பெண்ணை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, தன் பள்ளிக்கால நடன விருந்தின்போது நடந்ததை ஒத்திகையில்லாமல் சொல்லச் சொன்னார்கள். பதினைந்து நிமிடக் கதை. எஃப்எம்ஆர்ஐ என்ற அந்த ஸ்கேன் கருவி பெரிய இரைச்சல் போடும். அதைக் கழித்துவிட்டுக் குரலை மட்டும் பிடிக்கும் தனி மைக் வைத்துப் பதிவு செய்தார்கள். பிறகு அந்தப் பதிவை வேறு சிலருக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் மூளையையும் படம் எடுத்தார்கள். எஃப்எம்ஆர்ஐ நரம்பு மின்சாரத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. வேலை செய்யும் இடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாய்வதைப் பார்க்கிறது. ரத்தம் வந்துசேரச் சில நொடி ஆகும். ஆனால் அந்தத் தாமதம் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொதுவானது. ஆகவே இரண்டு மூளைகளுக்கும் நடுவே ஒரு நேர இடைவெளி தெரிந்தால், அது ரத்தத்தின் தாமதம் அல்ல, மனத்தினுடையது.

கேட்டவர்களின் மூளை சொன்னவரின் மூளையைப் போலவே ஏறி இறங்கியது. காதுக்கு உரிய பகுதி குரலோடு கூடவே சென்றது. பொருள் புரியும் பகுதிகள் பலவும் ஒன்றிலிருந்து மூன்று நொடி பின்னால் வந்தன. சொன்ன பிறகுதானே புரியும், இதில் அதிசயமில்லை. அதே கதைசொல்லும் வேலையை ரஷ்ய மொழியில் செய்து, அந்த மொழி தெரியாதவர்களுக்குப் போட்டபோது இந்த ஒத்திசைவு கலைந்துபோனது.

அதிசயம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் சில பகுதிகளில் இருந்தது. அங்கே கேட்பவரின் மூளை சொல்பவரின் மூளையை முந்தியது. அவர் வருவதற்குள் இவர் போய் நின்றார். முடிந்ததும் எல்லோரிடமும் கதை எவ்வளவு புரிந்தது என்று சோதித்தார்கள். யாருடைய மூளை அதிகம் முந்தியதோ அவர்களுக்கே அதிகம் புரிந்திருந்தது. ஆச்சி கேட்டுக்கொண்டிருந்தது இந்த முந்துதலைத்தான்.

முந்த வேண்டுமென்றால் இதுவரை வந்ததைக் கையில் வைத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? மறு வருடம் யூலியா லெர்னர், ஹாசன் குழுவினர் ஏழு நிமிடக் கதை ஒன்றை வெட்டினார்கள். ஒரு பதிவில் சொற்களை முன்பின்னாகக் கலைத்தார்கள், ஒன்றில் வாக்கியங்களை, ஒன்றில் பத்திகளை. ஒன்றை முழுக்கப் பின்னோக்கி ஓட்டினார்கள். காதுப் பகுதிக்கு எல்லாம் ஒன்றுதான், கலைந்த சொல்லுக்கும் முழுக் கதைக்கும் ஒரே போல் ஆடியது. கொஞ்சம் மேலே போனால் வாக்கியமாவது முழுதாக இருந்தால்தான் எல்லார் மூளையும் ஒன்றுபோல் இயங்கியது. அதற்கும் மேலே, பத்தியும் பத்தி வரிசையும் சரியாக இருந்தால்தான். நெசவை நினைத்துக்கொள்ளுங்கள். நாடாவுக்கு அந்த ஓர் இழைதான் தெரியும். பூ விழுவதைப் பார்க்கச் சில அங்குலம் வேண்டும். முந்தானை முந்தானையாகத் தெரிய முழு நீளத்தையும் விரிக்க வேண்டும். மூளைக்குள் இந்த மூன்று பார்வையும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. தொடர்பில்லாத எண்களை அடுக்கிக்கொண்டே போகும் பேச்சு கீழ்த்தளத்துக்கு நிறைய இழை கொடுக்கிறது. மேல்தளத்துக்கு விரித்துப் பார்க்க ஒன்றுமில்லை.

இதை வைத்துக்கொண்டு 1962 செப்டம்பர் 12க்குப் போவோம். ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழக மைதானம், கொளுத்தும் வெயிலில் சுமார் 40,000 பேர். நிலவுக்கு மனிதனை அனுப்பப் போகிறோம் என்று அமெரிக்க அதிபர் கென்னடி சொல்ல வேண்டும். ராக்கெட் இன்னும் கட்டப்படவில்லை. அவர் ஒரு கணக்கில் தொடங்கினார். மனிதகுலத்தின் 50,000 ஆண்டுகளை ஐம்பதே ஆண்டுகளாகச் சுருக்கிக்கொள்வோம். முதல் 40 ஆண்டுகளைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. பத்து வருடம் முன்பு குகையை விட்டு வெளியே வந்தோம். ஐந்து வருடம் முன்புதான் எழுதக் கற்றோம். அச்சு இயந்திரம் இந்த வருடம். நீராவி எஞ்சின் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மின்விளக்கு, தொலைபேசி, கார், விமானம் போன மாதம். பெனிசிலின், தொலைக்காட்சி, அணுசக்தி போன வாரம்.

கேட்பவர் மூளை இப்போது எங்கே நிற்கும்? வருடம், மாதம், வாரம் என்று இறங்கி வந்தாயிற்று. அடுத்தது இன்று. அவர் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் அங்கே போய்விட்டிருக்கும். அவரும் அங்கேதான் வந்தார்: நம் விண்கலம் வெள்ளிக் கோளை எட்டிவிட்டால், இன்று நள்ளிரவுக்குள் நாம் விண்மீன்களைத் தொட்டிருப்போம். அந்த மைதானத்தில் யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை, இது என் வாசிப்புதான். ஆனால் அந்தப் பட்டியலைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், உங்கள் உம் 'போன வாரம்' என்ற இடத்திலேயே முந்தி விழும். அவர் குறிப்பிட்ட மரைனர்-2 விண்கலம் கிளம்பி அப்போது 16 நாள்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 14 அன்று அது வெள்ளியைக் கடந்தது.

எண்களை அவர் ஒளிக்கவுமில்லை. அந்த வருட விண்வெளிச் செலவு 540 கோடி டாலர் என்று அதே பேச்சில் சொன்னார். நாட்டு மக்கள் சிகரெட்டுக்கும் சுருட்டுக்கும் வருடந்தோறும் கொடுப்பதைவிடக் குறைவு என்றார். தலைக்கு வாரம் 40 சென்ட், சீக்கிரம் 50ஐத் தாண்டும் என்றார். செலவு கூடப்போகிறது என்று வரி கட்டுபவர் முகத்துக்கு நேரே சொல்ல, முன்னால் ஒரு கதை விரிந்திருந்தது.

நம் நாடு ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதம்கூடச் செலவிடுவதில்லை. இது எனக்குத் தீராத வருத்தம். அரசுகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வு எதற்கென்று அந்த ஊர் மொழியில் அந்த ஊர்க்காரருக்குச் சொல்வதை ஆராய்ச்சியின் பகுதியாகவே நாம் நினைக்கவில்லை. ஒவ்வொரு திட்ட நிதியிலும் அதற்கென்று ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பேன்.

மாணவிக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்த ஒத்திசைவு கதை உண்மையா என்று பார்த்து வருவதில்லை. "எங்க மாமாவுக்கு மஞ்சள்காமாலை, மந்திரிச்சாங்க, மூணே வாரத்துல எழுந்து நடந்தார்" என்பதும் முழுக் கதைதான். ஹெபடைடிஸ் ஏ தொற்று பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும் என்ற செய்திக்கு மாமா இல்லை, நடந்துபோகும் முடிவு இல்லை. அதனால் தோற்கிறது. மந்திரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அளவீட்டை அளவீடாகவே காட்டுங்கள், எத்தனை முறை தவறியது என்பதையும் சேர்த்து. கதை அந்த எண்ணுக்கு வழி திறக்கட்டும், எண்ணின் இடத்தில் போய் உட்கார வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய முதல் பக்கத்தில் கருவியின் மின்னழுத்தமும் துல்லியமும் இருக்கின்றன. அவற்றை நான்காம் நிமிடத்துக்குத் தள்ளுங்கள். ஐப்பசியில் மழை விட்டு மூன்றாம் நாள், கரிசல் காட்டில் ஒருவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பார்ப்பதில் தொடங்குங்கள். இன்று விதைத்தால் முளைக்குமா, இன்னொரு மழைக்குக் காத்திருக்க வேண்டுமா? விதை கடனுக்கு வாங்கியது. அவர் கை சொல்வது மேல்மண்ணின் ஈரம் மட்டும், அரையடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. அந்த இடத்தில் இரண்டு நொடி நிறுத்துங்கள். பிறகு கருவியை எடுத்து மேசைமேல் வையுங்கள்.