சுவரில் ஓதம் ஏறியிருந்தால் சிமென்ட் மூட்டையைப் பிரிக்காதீர்கள்

கும்பகோணம் பக்கம் ஒரு பூர்வீக வீடு, பன்னிரண்டு வருடம் பூட்டிக் கிடந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வெள்ளி இரவு பஸ் ஏறி வந்து, சனி ஞாயிறு கூடவே நின்று வேலை வாங்கி, ஒரே வருடத்தில் கூடத்தையும் இரண்டு அறைகளையும் புதுசாக்கிவிட்டார். நாலடி உயரத்துக்குப் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு வாட்டர்ப்ரூஃப் கலந்த சிமென்ட் பூச்சு, அதன் மேல் சுவரை வழுவழுப்பாக்க இரண்டு கோட் பட்டி, அதன் மேல் எமல்ஷன் பெயின்ட். கார்த்திகை மழை முடிந்து வந்து பார்த்தால் ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம், ஐந்தரை அடியில் நிற்கிறது. சிமென்ட் முடிந்த இடத்துக்குச் சரியாக மேலே, பெயின்ட் அப்பளம் போலக் கொப்பளித்திருக்கிறது. கைவைத்தால் மாவாக உதிர்கிறது.

இப்படி ஒரு வீடு மாதம் தவறாமல் என் பார்வைக்கு வருகிறது. ஊர் வேறு, ஆள் வேறு, செய்த தப்பு ஒன்றே. நேரில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாயிற்று. அதனால் எழுதி வைக்கிறேன். வீட்டைத் தொடுவதற்கு முன் தயவுசெய்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

“சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளே வராது.” கொத்தனார் இதைச் சொல்வார், பெயின்ட் கடைக்காரர் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். பழைய வீட்டுக்கு இது பொருந்தவே பொருந்தாது.

அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும், சில ஊர்களில் சேற்றுக் கலவையும் வைத்துக் கட்டியது. ஈரம் மேலே ஏறாமல் இருக்க நாம் இன்றைக்குப் பேஸ்மட்டத்தில் போடுகிற தடுப்பு வரிசை அதற்குக் கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலச் செங்கல் தரையின் ஈரத்தை இழுக்கும். கட்டியவர்களுக்கு அது தெரியும். அதனால்தான் சுண்ணாம்புக் காரை பூசி, வருடா வருடம் வெள்ளையடித்தார்கள். ஏறிய ஈரம் காரை வழியாகக் காற்றில் உலர்ந்து போய்க்கொண்டே இருந்தது. ஓதம் ஓரடி, ஒன்றரை அடிக்கு மேல் தலைகாட்டவில்லை.

அந்தச் சுவரின் மேல் சிமென்ட்டைப் பூசுகிறீர்கள். கீழே இருந்து வரும் தண்ணீரை நீங்கள் நிறுத்தவில்லை, அது வெளியே போகிற வழியைத்தான் அடைத்தீர்கள். வழி கிடைக்கும் வரை அது மேலே ஏறும். சிமென்ட் முடிகிற இடத்தில் வெளியே வரும். வரும்போது மண்ணிலும் செங்கல்லிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே படிகமாக வளரும். காரையைத் தள்ளி உடைக்கிறது அந்த உப்புதான். பட்டியையும் பெயின்ட்டையும் மாற்றிக்கொண்டே இருந்தால் அது நிற்காது.

அடுத்து எல்லோரும் செய்வது ஐந்தடிக்கு டைல்ஸ் ஒட்டுவது. இன்னும் மோசம். பளபளப்பு இருப்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஈரம் மரத்தைத் தேடிப் போகும். வாசல் நிலைக்கால் தரையைத் தொடுகிற இடத்தையும், சுவருக்குள் போகிற உத்திரத்தின் முனையையும் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு என்றால் முனை வழுக்கும், சின்னதாக ஒரு புள்ளிதான் விழும். ஊறிப்போன மரத்தில் ரஸ்க்கில் குத்தினாற்போல அரை அங்குலம் சத்தமில்லாமல் இறங்கும். அப்படி இறங்கினால் சுவர் வேலையை நிறுத்திவிட்டு முதலில் உத்திரத்துக்கு முட்டுக் கொடுங்கள். ஈர மரம் இருக்கிற இடத்துக்குக் கரையானும் வந்து சேரும். சுவரில் மண் கோடு தெரிந்தால் இரண்டு அங்குலம் உடைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை வந்து பாருங்கள். உடைத்த இடம் மூடியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது.

உங்கள் வீடு எந்த ரகம் என்று தெரியவில்லையா? காரை பெயர்ந்த இடத்தில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே ஆணியால் கீறுங்கள். வெளுப்பாக, சின்னச் சின்ன வெள்ளைக் கட்டியோடு சுலபமாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் ஆணியை எதிர்த்து நின்றால் சிமென்ட். சிமென்ட்டில் கட்டிய வீட்டுக்குச் சிமென்ட்டே பூசலாம். இந்தப் புலம்பல் அந்த வீடுகளைப் பற்றியது அல்ல.

சரி, என்ன செய்ய வேண்டும்?

மேலே இருந்து தொடங்குங்கள். தை, மாசி, பங்குனியில் கூரை. ஓட்டு வீடென்றால் ஓடு பிரித்து, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டையைப் பார்த்து, திருப்பி அடுக்குவது. மங்களூர் ஓடு 100 சதுர அடிக்குச் சுமார் 150 பிடிக்கும், உடைசலுக்குப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். தேக்குக் கட்டை மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் என்றால், ஒழுகுகிறது என்பதற்காக மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட விடாதீர்கள். இருபதுக்குப் பதினைந்து அடி அறையின் மேல் அது மூன்று டன்னுக்கு மேல் எடை. கீழே இருப்பது எழுபது எண்பது வருடக் கட்டை. மேலே பதித்த தட்டோடுகளின் இடுக்கைச் சுரண்டி எடுத்துப் புதுக் கலவை அடைத்து, மழைத் தண்ணீர் வடிய வாட்டம் (சரிவு) சரியாக இருக்கிறதா என்று பார்த்தாலே முக்கால்வாசி ஒழுகல் நிற்கும்.

கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும் வெட்டிவிட்டுப் போகாதீர்கள். வெட்ட வெட்ட வேர் பெருக்கும். பிடித்து இழுத்தாலும் சுவர்தான் வரும். அந்த இடத்துச் செங்கல்லை வரிசையாகக் கழற்றி, வேர் போகிற வரை போய் எடுத்துவிட்டுத் திருப்பிக் கட்டுங்கள். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு நாள் வேலை.

பிறகு வெளிச்சுவரின் அடி. பூட்டிய வீட்டைச் சுற்றி வருடக்கணக்கில் சருகும் மண்ணும் சேர்ந்து, வெளித்தரை உள்தரைக்குச் சமமாக வந்திருக்கும். ரோட்டை மேலே மேலே போட்டு வாசல் பக்கம் பள்ளமாகியிருக்கும். உள்தரையை விடக் குறைந்தது அரை அடி கீழே போகும்வரை மண்ணை வெட்டி எடுங்கள். சுவரை ஒட்டி ஓரடி அகலம், ஓரடி ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, வெளியே வாட்டம் வைத்து, 40 எம்.எம். ஜல்லி நிரப்புங்கள். கரிசல் மண் ஊர்க்காரர்கள் இந்த வாய்க்காலை எடுக்க வேண்டாம். அங்கே கடைக்கால் அருகில் தண்ணீர் இறங்கினால் மண் உப்பிச் சுவர் வெடிக்கும். மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவான தளம் போடுவதே அங்கே சரி. இந்த ஒரு வேலையைச் செய்தாலே ஓதம் பாதி இறங்கிவிடுகிற வீடுகள் உண்டு. ஆனால் இதில் யாருக்கும் ஆர்வம் இல்லை. போட்டோவில் தெரியாத வேலை.

அதற்கப்புறம் உள்ளே வந்து, பழைய சிமென்ட் பூச்சை ஓதக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டுங்கள். பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் பிடித்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கழுவினால் கரைந்து திரும்பவும் உள்ளேதான் போகும்.

இப்போது காத்திருங்கள். சுவர் உலர்வதற்கு ஒரு பக்கம் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் உலர்ந்தால் நாலைந்து மாதம். பதினெட்டு அங்குலம் என்றால் ஒன்பது மாதம். ஜன்னலைத் திறந்து வைக்க ஊரில் யாராவது ஒருவர் வேண்டும். வேலையை விடாமல் வார இறுதியில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு இது பெரிய வசதி என்பதை ஏன் யாரும் பார்ப்பதில்லை? காண்ட்ராக்டரால் ஒன்பது மாதம் சும்மா இருக்க முடியாது, உங்களால் முடியும். அந்த இடைவெளியில் கொல்லையைப் பாருங்கள், வயரிங்கை மாற்றுங்கள். பொங்கலுக்குள் முடியணும், கும்பாபிஷேகத்துக்குச் சொந்தம் எல்லாம் வருகிறார்கள் என்று தேதி குறிக்கும்போதுதான் எல்லாம் கெடுகிறது.

பூச்சும் உங்கள் வசதிக்கே அமைந்தது. நீற்றின (தண்ணீரில் போட்டுப் பொங்க வைத்த) சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. 100 சதுர அடிக்கு இரண்டு கோட்டுக்கும் சேர்த்து ஏழெட்டு கன அடி மணல், இரண்டரை கன அடி சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பு தொட்டியில் இரண்டு வாரமாவது ஊறியிருக்கணும். ஒரு கோட் பத்துப் பன்னிரண்டு எம்.எம். தான், அதற்கு மேல் போனால் வெடிக்கும். இந்தச் சனிக்கிழமை முதல் கோட், அடுத்த சனிக்கிழமை இரண்டாவது. நடுவில் தினம் இரண்டு வேளை ஸ்பிரேயரில் லேசாகத் தண்ணீர் தெளிக்க ஆள் வைத்துவிட்டு பஸ் ஏறுங்கள். கடைசியில் மூன்று தடவை வெள்ளை. பட்டி, எமல்ஷன் எதுவும் வேண்டாம்.

“சுண்ணாம்பு நிக்காதுங்க, ஒரு கை சிமென்ட் போட்டுக்கலாம்” என்று கொத்தனார் சொல்வார். நீங்கள் டீ வாங்கப் போன நேரத்தில் சொல்லாமலே போடுவார். ஆளை மாற்றினாலும் பரவாயில்லை, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சிமென்ட் வேலை வேறு எங்காவது இருந்தால், குளியலறைத் தளமோ தொட்டியோ, அதை ஞாயிறு மாலையில் முடித்துப் பூட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். குறைந்தது ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு நனைக்கணும். உடைத்த மூட்டையை மிச்சம் வைக்காதீர்கள், மூடிய வீட்டில் இரண்டு வாரத்தில் கட்டியாகிவிடும்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீங்களே நீற்றுவதாக இருந்தால், தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு கல், கொஞ்சம் கொஞ்சமாக. கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் டிரம் வேண்டாம், சூட்டில் இளகிவிடும். கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகக்கூடாது. கண்ணில் பட்டால் துடைக்காமல், தேய்க்காமல், இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவமனை. பார்வை போகிற விஷயம்.

இனி கொல்லை. ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழிக்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். புதருக்குள் பழைய செப்டிக் டேங்க் மூடி இருக்கும், கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறு இருக்கும், தண்ணீர்க் குழாய் இருக்கும். வண்டிக்காரர் வழித்த மண்ணைக் கொண்டுபோய் வீட்டுச் சுவரோரம்தான் குவிப்பார், நாம் அரை அடி இறக்கியது வீண். முதலில் சுவரைச் சுற்றி ஆறடிப் பட்டை மட்டும் ஆள் வைத்து வெட்டுங்கள். மிச்சத்தை வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பாருங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கணும், வெட்டி மட்டும் விட்டால் நான்கு கிளையாக வரும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் கையுறையும் மாஸ்க்கும் போட்டுப் பிடுங்குங்கள். எதையும் கொளுத்தாதீர்கள். கொளுத்தினால் பாம்பு ஓடி வரும் இடம் உங்கள் வீடு.

பழைய கிணற்றிலோ செப்டிக் டேங்கிலோ யாரையும் இறக்காதீர்கள். பணம் கொடுத்தும் கூடாது, “பழக்கமான ஆள்தான்” என்றாலும் கூடாது. செப்டிக் டேங்கில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே வாயு நின்றால் இறங்கியவரும் போவார், காப்பாற்றப் போனவரும் போவார். லாரி வைத்து உறிஞ்சுங்கள். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டு மூடிவிட்டு, பிறகு யோசியுங்கள்.

புதருக்குள் போகிறவர் முழங்கால் வரை கம்பூட், முழுக்கை சட்டை, நீளமான தடி. விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு தொடங்கி, பொழுது சாய்வதற்குள் நிறுத்துங்கள். அடுக்கி வைத்த ஓட்டையும் செங்கல்லையும் கையால் தூக்காமல் முதலில் கம்பியால் நெம்புங்கள். கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் அங்கேதான் சுருண்டிருக்கும். கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைத் தேடி அடிக்க நேரம் போக்காதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது என்பதை வெட்டத் தொடங்குவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. புதர் வெட்டி ஊர் திரும்பிய ஒன்றிரண்டு வாரத்தில் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் அது புதரில் இருக்கும் சின்னஞ்சிறு பூச்சி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலாக (ஸ்க்ரப் டைஃபஸ்) இருக்கலாம். அக்குள், இடுப்பு, தொடை மடிப்பில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காது, அதனால் கண்ணில் படாது. பொருக்கு இல்லாவிட்டாலும் சரி, பெங்களூரிலோ சென்னையிலோ டாக்டரிடம் போகும்போது “ஊரில் புதர் வெட்டினேன்” என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்கு அந்த யோசனை வரும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மாத்திரையில் சரியாகிவிடுகிற காய்ச்சல் அது.