புது ஆல்பம் ஏன் நாலாவது பாட்டிலேயே சலிக்கிறது?

வெள்ளிக்கிழமை ராத்திரி புது ஆல்பங்களைக் கேட்டு நாலு வரி எழுதிவைப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். அதைப் படிக்கும் ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார்: "சார், நீங்க சொல்ற புது ஆல்பத்தை எல்லாம் போட்டுக் கேட்கிறேன். முதல் பாட்டு ஆளைத் தூக்குது. நாலாவது பாட்டு வரும்போது இயர்போனைக் கழற்றி வெச்சிடலாம்னு தோணுது. 1980கள்ல வந்த ஆல்பம் மணிக்கணக்கா ஓடினாலும் அப்படி ஆகறதில்ல. எனக்கு வயசாயிடுச்சா, இல்ல இயர்போன் போயிடுச்சா?"

ரெண்டும் இல்லை. (வயசு கொஞ்சம் ஆகியிருக்கலாம், எனக்கு ஆகியிருக்கிறது.) முக்கியமான காரணம் அந்தப் பாட்டைக் கடைசியாகப் பதப்படுத்தி அனுப்பும் கட்டத்தில் இருக்கிறது. மாஸ்டரிங் என்பார்கள்.

அந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் முன், அதைத் தூண்டும் விற்பனைப் பட்டியல் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க ஆல்பங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன. அமெரிக்காவில் ஆல்பங்களை வாராவாரம் வரிசைப்படுத்தும் பில்போர்ட் 200 பட்டியல் வெள்ளி தொடங்கி வியாழன் வரை கணக்கெடுக்கிறது, பிரிட்டன் பட்டியலும் அப்படித்தான். 2014 டிசம்பரில் பில்போர்ட் ஸ்ட்ரீமிங்கையும் கணக்கில் சேர்த்தபோது, ஆல்பத்தின் பாட்டுகளை 1,500 தடவை கேட்டால் ஒரு ஆல்பம் விற்றதாக வைத்துக்கொண்டார்கள். அந்த எண் அப்புறம் மாறியது. எப்படியும் முதல் வாரம்தான் எல்லாம். அந்த ஒரு வாரத்தில் உங்கள் காதில் பக்கத்துப் பாட்டைவிட எடுப்பாகக் கேட்க வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எடுப்பாகக் கேட்க மலிவான வழி, சத்தத்தைக் கூட்டுவது.

இது இன்றைய புத்தி இல்லை. 1950களின் அமெரிக்க உணவகங்களில், காசு போட்டால் பாட்டுப் போடும் ஜூக்பாக்ஸ் பெட்டியின் சத்தத்தைக் கடைக்காரர் ஒரே அளவில் வைத்துவிடுவார், எந்த இசைத்தட்டு சத்தமாக வெட்டப்பட்டதோ அதுவே தலைநிமிரும். ஆனால் இசைத்தட்டில் ஒரு அளவுக்கு மேல் வெட்டினால் ஊசி துள்ளிவிடும். 1982இல் சிடி வந்தபோது ஊசி போய்விட்டது, அதற்குப் பதில் ஒரு கூரை வந்தது. சிடியில் ஒலி வெறும் எண்கள்தான், நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஒன்று. உச்சப்படிக்கு மேல் எழுத இடமே கிடையாது.

கூரை எல்லாருக்கும் ஒன்றே என்றால் ஒருத்தர் பாட்டு மட்டும் எப்படி அதிகச் சத்தமாகக் கேட்கும்? எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

நம் காது உச்சத்தை அளப்பதில்லை, சராசரியை அளக்கிறது. டிரம்ஸில் ஒரு அடி விழுந்தால் அதன் கூர்மையான முனை சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். காதோ, ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடிக்குள் வந்த ஆற்றலையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் 'இவ்வளவு சத்தம்' என்று முடிவு செய்கிறது. ஒரே உயரமுள்ள ரெண்டு ஒலிகளில் ஒன்று ஐந்து மில்லிநொடி, இன்னொன்று இருநூறு மில்லிநொடி நீண்டால், குட்டையானது தெளிவாகவே மெல்லிசாகக் கேட்கும். அதாவது அந்த டிரம்ஸ் முனை கூரைவரை இடத்தை அடைத்துக்கொள்கிறது, சத்தத்துக்கு அதன் பங்களிப்போ சொற்பம்.

இதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வதுதான் லிமிட்டர். தாழ்ந்த கூரை உள்ள ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே முப்பது பேர் நிற்கிறார்கள். ரெண்டு பேருக்கு மட்டும் தலை கூரையைத் தொடுகிறது, மற்றவர்கள் இடுப்பளவு. லிமிட்டர் அந்த ரெண்டு பேரைக் குனியவைக்கிறது. மேலே இடம் கிடைத்ததா, உடனே தரையை உயர்த்துகிறது. இன்னும் நாலு பேர் கூரையைத் தொடுவார்கள், அவர்களையும் குனியவைத்துவிட்டு மறுபடி தரையை உயர்த்தலாம். கடைசியில் முப்பது தலையும் கூரையோடு ஒட்டியிருக்கும். இதில் அழகு என்னவென்றால், டிஜிட்டல் லிமிட்டர் பாட்டைச் சில மில்லிநொடி தாமதப்படுத்தி, வரப்போகிற அடியை முன்கூட்டியே பார்த்துவிடுகிறது. அடி விழும் முன்பே மெல்லச் சத்தத்தைக் குறைத்து, விழுந்து முடிந்ததும் பழையபடி ஏற்றிவிடும். முனை மழுங்கியது நமக்குத் தெரியவே தெரியாது, பாட்டு பெரிதாகிவிட்டது என்று மட்டும் தோன்றும். 1994இல் வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 என்ற லிமிட்டர் மென்பொருள் வந்த பிறகு இது கணினி வைத்திருக்கும் எவரும் செய்கிற வேலையாகிவிட்டது.

நீங்களே பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 1985 வாக்கில் வந்த ஒரு சிடிப் பாட்டைத் திறந்தால் அலைவடிவம் தென்னை ஓலை மாதிரி இருக்கும், நீளமும் குட்டையுமாக முனைகள், நடுவே வெளிச்சம். 2005 வாக்கில் வந்ததைத் திறங்கள். பெரும்பாலும் செங்கல்தான்.

இதில் பிரபலமான கேஸ், மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் குழு 2008 செப்டம்பரில் வெளியிட்ட 'டெத் மேக்னடிக்'. பில்போர்ட் 200இல் நேராக முதலிடம். ஆனால் அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமுக்காகவும் போயிருந்தன, இவ்வளவு நசுக்கப்படாமல். ரசிகர்கள் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள், அலைவடிவங்களை ஒப்பிட்டார்கள், அப்புறம் ஆல்பத்தைத் திரும்பக் கலவை செய்யச் சொல்லிக் கையெழுத்து வாங்கவும் ஆரம்பித்தார்கள். காசு கொடுத்து வாங்கிய சிடியைவிட விளையாட்டில் இருந்தது நன்றாக இருந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது!

சலிப்புக்கு வருவோம். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு, ஒரு ஒலி தொடங்கும் கணத்தில்தான் மிகப் பலமாகத் துடிக்கும்; ஒலி நீடித்தால் சில பத்து மில்லிநொடிகளிலேயே துடிப்பு இறங்கிவிடும். புதிதாக என்ன வந்தது என்பதுதான் அதற்குச் செய்தி. லிமிட்டர் வெட்டியது சரியாக அந்தத் தொடக்கங்களைத்தான். மூன்று பாட்டு வரைக்கும் பெரிய சத்தம் நம்மை இழுத்துப்போகும், அதற்கப்புறம் சீரான இரைச்சல் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும் என்பது என் கணிப்பு.

சத்தத்தைக் காது தரம் என்று எடுத்துக்கொள்ளும். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் இதற்கு நானே பலியானேன். கடைக்காரர் ரெண்டு ஹெட்போன் போட்டுக் காட்டினார், விலை கூடியது தேனாக இனித்தது. வீட்டுக்கு வந்து சத்தத்தை மீட்டரில் சமப்படுத்திக் கேட்டால் வித்தியாசம் சல்லடை போட்டுத் தேட வேண்டியதாக இருந்தது. வாட்ஸாப்பில் சுற்றும் '432 ஹெர்ட்ஸ் இசை உடம்பைக் குணப்படுத்தும்' சமாசாரமும் எனக்கு இதே வகைதான். வழக்கமாகச் சுருதி சேர்க்கும் 440 ஹெர்ட்ஸை 432 ஆக்கினால் சுருதி அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும், அவ்வளவே. ஒப்பிட்டுப் பார்த்தேன் என்பவரிடம், ரெண்டுக்கும் சத்தத்தைச் சமமாக வைத்தீர்களா என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும்.

இந்தச் சத்தப் பந்தயத்துக்குக் கடிவாளம் போட்டது ஒரு அளவுகோல். காது கேட்கிற மாதிரியே சத்தத்தை அளக்க 2006இல் ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பு ஒரு சூத்திரத்தை வெளியிட்டது. கனடா அரசின் ஆய்வு மையத்தில் ஆட்களை உட்காரவைத்து, இதுவும் அதுவும் ஒரே சத்தமா என்று பொறுமையாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த தரவு அதற்கு அடிப்படை. இந்த மாதிரி ஆய்வுக்கு நிதி கேட்டால் 'இதனால் என்ன லாபம்' என்பார்கள். இன்று ஸ்ட்ரீமிங்கில் சத்தம் சமப்படுவது இந்த அளவுகோலால்தான். அமெரிக்காவில் டிவி விளம்பரம் நிகழ்ச்சியைவிடச் சத்தமாக இருக்கக் கூடாது என்ற சட்டமும் இதை நம்பித்தான் நிற்கிறது. நிதி தராதவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த அளவுகோலில் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். ஸ்பாட்டிஃபை வழக்கமாகப் பாட்டை மைனஸ் 14 என்ற அளவுக்குக் கொண்டுவருகிறது. மைனஸ் 8இல் நசுக்கிய பாட்டை ஆறு டெசிபெல் இறக்கிவிடும், ஆறு டெசிபெல் என்றால் அலையின் உயரம் பாதி. நசுக்காமல் மைனஸ் 14இலேயே விட்ட பாட்டு தொடப்படாமல் நிற்கும். இப்போது ரெண்டும் ஒரே சத்தம், ஆனால் நசுக்காத பாட்டின் டிரம்ஸ் கூரைவரை எழும்புகிறது, நசுக்கியதன் டிரம்ஸ் அதில் பாதி உயரத்தோடு சரி. அடித்துப் பிடித்துச் சத்தம் ஏற்றியவருக்குக் கிடைத்தது இதுதான்.

ஆகவே வாசகருக்கு: செயலியின் அமைப்புகளில் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி இருக்கும், அதைப் போட்டுவிட்டுப் பழையதையும் புதியதையும் கேட்டுப் பாருங்கள். ஆல்பத்தை வரிசையாகக் கேளுங்கள், கலைத்துப் போட வேண்டாம். வரிசையாக ஓடும்போது முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவில் ஏற்ற இறக்கம் செய்வார்கள், மெல்லிய பாட்டு மெல்லியதாகவே இருக்கும். வேறு பாட்டுகளோடு கலைத்தால் ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாகச் சமப்படும். இது தெரியாமல், ஒற்றைப் பியானோவோடு முணுமுணுக்கிற ஒரு கடைசிப் பாட்டை 'தேவையில்லாமல் கத்துகிறது' என்று ஒருமுறை எழுதிவிட்டு, மறுநாள் காலையில் வரிசையாகக் கேட்டபின் அந்த வரியை அடித்திருக்கிறேன்.