மூன்றாவது காரில் வெந்துபோன மெஷின்

கிருஷ்ணகிரிப் பக்கம் கறுப்புக் கார் வாங்கியவனுக்கு இரண்டு தொல்லைகள். ஒன்று போர் தண்ணீர். கழுவிவிட்டுத் துடைக்கக் கொஞ்சம் தாமதித்தால், காய்ந்த ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாகப் பதிந்துவிடும். இன்னொன்று மாமரம். பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிகள் கழிக்கிற இனிப்புப் பிசின் இலைகளில் மினுமினுக்கும், அடியில் நிற்கும் காரிலும் படியும். என் கார் கறுப்பு, வாசலில் மாமரம். பாலிஷ் மெஷின் வாங்கியதற்கு வேறு காரணம் வேண்டாம்.

முதலில் என் கார், அப்புறம் மச்சானுடைய கார். மூன்றாவதாகச் சித்தப்பாவின் காரில் பானெட் பாதி முடிந்திருந்தபோது மீன் கருகியது போல ஒரு நாற்றம். பின்பக்கத் துளைகளில் புகை. மெஷின் நின்றுவிட்டது.

பழையபேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டித் தரும் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் நான்கு திருகுகளைக் கழற்றி, மோட்டாரில் சுழலும் பகுதியான ஆர்மேச்சரை வெளியே உருவினார். செம்புக் கம்பிகள் கருவாடு நிறத்தில் இருந்தன. அதை உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும், பக்கவாட்டில் இருந்த கார்பன் துண்டுகள் இரண்டையும் எடுத்துக் காட்டினார். அவை புதுசு மாதிரியே இருந்தன.

"பாருங்க சார், கார்பன் தேயவே இல்லை. மெஷின் வெந்துதான் போயிருக்கு."

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வருடத்துக்கு இரண்டு கார், காருக்கு இரண்டு தடவை, ஒரு தடவைக்கு ஆறு மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும் 24 மணி நேரம். கார் பாலிஷையே தொழிலாகச் செய்யும் கடையில் ஒரு மெஷின் தினமும் 5 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 1500 மணி நேரம். அவர்களுடைய ஒரு வருடம் எனக்கு 62 வருடம். மெஷின் தேய்மானத்தால்தான் கெடும் என்றால், கடையில் ஒரே வருடம் தாங்கக்கூடிய சாதாரண மெஷின்கூட என் ஆயுசுக்குப் போதும். பிறகு ஏன் மூன்றாவது காரில்?

பாலிஷ் மெஷினுக்குள் இருப்பது நம் வீட்டு மிக்சியில் இருக்கும் அதே வகை மோட்டார்தான். யுனிவர்சல் மோட்டார் என்பார்கள். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் என்பதால் அந்தப் பெயர். சிறிய உருவம், அசுர வேகம். நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல்கூடப் போகும். அதைப் பல்சக்கரங்களால் குறைத்து, தேய்க்கும் பேட் ஒரே மையத்தில் சுற்றும் ரோட்டரி மெஷினில் 600 முதல் 3000 சுற்று வரை கொண்டுவருகிறார்கள். பர்கூர் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் பலகைக் கல்லை நாள் முழுக்கத் தேய்த்துப் பளபளப்பாக்கும் மெஷின்களைப் பார்த்தவர்கள், இது மட்டும் ஏன் தாங்குவதில்லை என்று கேட்கலாம். கல் மெஷினில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதில் கார்பனும் இல்லை, தீப்பொறியும் இல்லை. வெட் கிரைண்டர் மணிக்கணக்கில் சலிக்காமல் ஓடுவதும் அதனால்தான். ஆனால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேராகக் கொடுத்தால் இண்டக்‌ஷன் மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்ட முடியாது. அந்த வேகத்தில் வேண்டிய சக்தியை எடுக்க இரும்பையும் செம்பையும் கூட்ட வேண்டும், எடை ஏறிவிடும். கையில் தூக்கிப் பிடித்துக் கார் கதவைத் தேய்க்க முடியாது. எடை குறைவுக்காக வேகமான சின்ன மோட்டாரை வைக்கிறார்கள். அதற்கான விலையைச் சூடாகக் கொடுக்கிறோம்.

சூடு என்றால் எவ்வளவு? பெட்டியில் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் மெஷின் வாங்கிக்கொள்ளும் மின்சாரம். வெளியே வேலையாக வருவது அதைவிடக் குறைவு. 600 வாட் வேலையாக வந்தால் மீதி 400 வாட் உள்ளேயே சூடாகிறது. ரேடியோ மெக்கானிக் வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் பதினாறை ஒரு சொம்புக்குள் செருகியது போல. வாட்டைப் பார்த்து மெஷின் வாங்குவது, கேஸ் அதிகம் பிடிக்கும் அடுப்புதான் நல்ல அடுப்பு என்று சொல்வதற்குச் சமம்.

அந்தச் சூட்டை வெளியேற்ற ஒரே ஒரு வழிதான். ஆர்மேச்சர் தண்டிலேயே ஒரு சின்ன விசிறி மாட்டியிருக்கிறது. மோட்டார் வேகமாகச் சுற்றினால் காற்று அதிகம், மெதுவாகச் சுற்றினால் குறைவு.

என் தப்பு எங்கே என்று இப்போது புரிந்தது. காரின் மேல் பூச்சான கிளியர் கோட் சுமார் 40 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியைவிட மெல்லிசு. பெயிண்ட் எரிந்துவிடுமோ என்ற பயத்தில் வேகத்தை 1-இல் வைத்தேன். கறை போகவில்லை என்றதும் இரண்டு கையாலும் அழுத்தினேன். சுற்றும் மோட்டார் தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தையும் உண்டாக்கிக்கொள்கிறது. உள்ளே வரும் மின்னோட்டத்துக்கு அதுதான் கடிவாளம். அழுத்தும்போது வேகம் குறைகிறது, கடிவாளம் தளர்கிறது, மின்னோட்டம் பாய்கிறது. கம்பியில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3 ஆம்பியர் 6 ஆனால் சூடு இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகும். விசிறியோ ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கிறது. மிக்சியில் கெட்டி உளுந்தைத் தண்ணீர் விடாமல் அரைத்தால் வரும் நாற்றமும் இதேதான். மிக்சிக்காவது அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது, சூடு மிஞ்சினால் தானே நின்றுவிடும். நான் வாங்கிய மெஷினில் அதுகூட இல்லை. பெயிண்டைக் காப்பாற்ற நான் செய்த இரண்டும் சேர்ந்து மெஷினைக் கொன்றன.

கம்பி உருகுவதில்லை, அதன்மேல் பூசிய எனாமல்தான் முதலில் போகிறது. இந்தக் காப்புப் பூச்சுகளுக்குத் தரம் உண்டு: பி வகுப்பு 130 டிகிரி, எஃப் 155, ஹெச் 180 டிகிரி செல்சியஸ் வரை. மோட்டார் துறையில் வெகுகாலமாகப் புழங்கும் ஒரு தோராயக் கணக்கு, காப்பின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது. 30 டிகிரி கூடினால் எட்டில் ஒரு பங்கு. ஒரே இடத்தில் எனாமல் விட்டுவிட்டால் போதும். பக்கத்துச் சுற்றோடு கம்பி ஒட்டி, அந்தச் சின்ன வளையத்துக்குள்ளேயே மின்னோட்டம் சுழன்று மற்றதையும் பொசுக்கிவிடும்.

தொழில்முறை மெஷின் என்று கூடுதல் காசு வாங்குவதில் நிஜமான சரக்கு இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் வெளியே தெரியாது. உயர்ந்த வகுப்புக் காப்பு, காயில் மேல் தடித்த ரெசின் பூச்சு, உலோகத்தாலான பல்சக்கர உறை, சூட்டை உணர்ந்து தானே நிறுத்தும் சர்க்கியூட், கார்பன் தீர்ந்தால், அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைக் கீறுவதற்குள் நின்றுவிடும் ஏற்பாடு. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஸ்பேர். கடைக்காரரிடம் தொழில் கடைகளிலிருந்து வரும் மெஷின்களில் என்ன கெட்டிருக்கும் என்று கேட்டேன். கார்பன், சுவிட்ச், பேரிங், கைப்பிடியருகே மடங்கி மடங்கி உள்ளே அறுந்த ஒயர் என்று விரல் மடக்கினார். எல்லாம் சில்லறைச் சாமான்கள். ஸ்பேர் கிடைத்தால் அரை மணி வேலை, கிடைக்காவிட்டால் முழு மெஷினும் காயலான் கடைக்கு. மக்கீட்டா நிறுவனமே 1915-இல் ஜப்பானின் நகோயாவில் மோட்டார் பழுது பார்க்கும் கடையாகத்தான் தொடங்கியது. பழையபேட்டைக்காரரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு ஆர்மேச்சரைப் பிரிக்கத் தொடங்கினார்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு எமன் தூசி. கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7, செம்பு 3. குளிர்விக்கக் காற்றை இழுக்கும் அதே விசிறி இந்தத் தூளையும் இழுத்து, காயில் மேல் உப்புத்தாள் போட்டதுபோல் உரசிக்கொண்டு போகும். பேட்டில் தடவித் தேய்க்கும் பாலிஷ் பசையான கம்பவுண்டு காய்ந்து உதிரும் தூளும் சாமானியமில்லை, அதில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு, கடினம் 9. கம்பளிப் பேட் உபயோகித்தால் அதன் மயிர்களும் காற்றுத் துளையில் போய் அடைக்கும். துளை அடைந்த மெஷின் போர்வைக்குள் ஓடுகிற மெஷின். வேலை முடிந்ததும் காற்றடித்துச் சுத்தம் செய்வது நல்லதுதான், ஆனால் பஞ்சர் கடைக் கம்பிரஸரை முழு அழுத்தத்தில் வைத்து ஊதினால் தூசி நேராகப் பேரிங்குக்குள் ஏறும், கூடவே தண்ணீரும்.

பொழுதுபோக்காகச் செய்பவர்கள் இப்போது அதிகம் வாங்குவது டி.ஏ. எனப்படும் டியூவல் ஆக்‌ஷன் மெஷின். பேட் தன்னைத்தானே சுற்றுவதோடு மையம் விலகியும் சுழலும். திருவிழா ராட்டினத்தில் தட்டும் சுற்றி, தட்டின் மேலுள்ள கோப்பையும் சுற்றுவது போல. ஒரே இடத்தில் சூடு சேராது, பெயிண்டுக்குப் பாதுகாப்பு. ஆனால் பேரிங் படும் பாடு வேறு. 15 மில்லிமீட்டர் டி.ஏ.-வில் பேட் மையத்திலிருந்து 7.5 மில்லிமீட்டர் விலகி நிமிடத்துக்கு 4500 தடவை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டும் அடித்தட்டும் சேர்ந்து வெறும் 200 கிராம்தான். கணக்குப் போட்டால் அது வெளியே இழுக்கும் விசை சுமார் 34 கிலோ எடைக்குச் சமம். ஓர் அரிசி மூட்டையைப் பேரிங்கில் கட்டி, நொடிக்கு 75 முறை திசை மாற்றி இழுப்பது மாதிரி. எதிர்ப்பக்கம் ஓர் எடை வைத்து இதைச் சமன் செய்திருப்பார்கள். அந்த எடை, மெஷினோடு வரும் பேட்டுக்கும் தட்டுக்கும் அளந்து வைத்தது. பேட் கம்பவுண்டு குடித்து 20 கிராம் கனத்தால் மூன்றரைக் கிலோ அதிர்வு மிச்சம். கை மரத்துப்போகிறது என்றால் பேரிங்கும் அடி வாங்குகிறது என்று அர்த்தம். பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறையும். சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்று. பேட்டை அடிக்கடி கழுவிக் காயவைக்கச் சொல்வது பளபளப்புக்காக மட்டும் இல்லை.

கார்பனின் வேலையைச் சர்க்கியூட் போர்டு செய்யும் பிரஷ்லெஸ் மெஷின்களில் கார்பன் கவலை கிடையாது, சூடும் குறைவு. அந்தப் போர்டு போனால் மட்டும் பழையபேட்டையில் ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு ஆர்மேச்சர் கட்டிக் கொடுத்தவர் காசு வாங்கிக்கொண்டு இரண்டு விஷயம் சொன்னார். அழுத்தி வேலை செய்தபின் உடனே நிறுத்தாமல், பேட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் வேகமாகச் சும்மா ஓட விட வேண்டும். உள்ளிருக்கும் சூட்டை விசிறி வெளியே தள்ளிவிடும். அப்புறம், நடுநடுவே மோட்டார் உறையில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை வைக்க முடியாவிட்டால் மேலுறையே 60 டிகிரியை நெருங்கியிருக்கும், உள்ளே காயில் அதைவிட எவ்வளவோ அதிகம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் பானெட்டில் மீதிப் பாதியை முடித்தேன். வேகம் 4, மெஷினின் சொந்த எடைக்கு மேல் கொஞ்சம்தான் அழுத்தம். மூன்று தடவை நிறுத்திப் புறங்கை வைத்தேன். மூன்றாவது தடவை நான்கு எண்ணும்போதே கையை எடுக்க வேண்டியதாயிற்று. மெஷினைத் திண்ணையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம்.