எலக்ட்ரானுக்கு நிறை எப்படி வந்தது?

"ஹிக்ஸ் புலம் எதிர்க்காற்று மாதிரியா? அதில் சிக்கித் திணறுவதால்தான் எலக்ட்ரானுக்கு நிறை வருகிறதா?" என்று ஆரல்வாய்மொழி மாணவி ஒருவர் கேட்டார். ஹிக்ஸ் புலம் என்பது வெளி எங்கும் நிறைந்து, எலக்ட்ரான் போன்ற துகள்களுக்கு நிறை தரும் ஒன்று. ஆடி மாதத்தில் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தல் வழியாகச் சைக்கிள் மிதித்தவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் மிதிப்பதை விட்டால் காற்று சைக்கிளை நிறுத்திவிடும். நிறை எதையும் நிறுத்துவதில்லை. வேகத்தை மாற்றுவதைத்தான் கடினமாக்குகிறது. காற்று, பாகு, சேறு என்ற உவமைகளை அதனால் நான் ஏற்பதில்லை.

மணவாளக்குறிச்சிக் கருமணலை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். இல்மனைட்டின் கறுப்புக்கு நடுவே தேன் நிறத்தில் பொடிமணிகள் கிடக்கும். அது மோனசைட் என்ற கனிமம். அதிலுள்ள தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் படிப்படியாகச் சிதைகிறது. சில படிகளில் பீட்டா சிதைவு நடந்து எலக்ட்ரான் வெளியேறுகிறது. பீட்டா சிதைவை நடத்துவது இயற்கையின் நான்கு அடிப்படை விசைகளில் ஒன்றான மென்விசை. அதற்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு: எலக்ட்ரானில் இடக்கை, வலக்கை என்று, நம் இரு கைகளைப் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வகை இருக்க, பீட்டா சிதைவில் அது இடக்கை வகையை மட்டுமே தொடும். மின்சுமை போல மென்விசைக்கும் ஒரு சுமை இருக்கிறது. இடக்கை எலக்ட்ரானிடம் அது உண்டு, வலக்கையிடம் இல்லை.

நிறை என்பதே இந்த இரண்டு வகைக்கும் இடையே எலக்ட்ரான் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பதுதான். இங்கேதான் கணக்கு உதைக்கிறது. சுமை தானாகத் தோன்றவோ மறையவோ கூடாது. இடம் வலமாகும்போது அந்தச் சுமை எங்கே போயிற்று? ஹிக்ஸ் புலம் வாங்கிக்கொள்கிறது. வலம் இடமாகும்போது திருப்பித் தருகிறது. வெற்றிடத்திலும் பூஜ்யமாகாமல் எங்கும் நிறைந்திருக்கும் புலம் அது. கடலில் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டால் கடல் குறைந்தா போகும்? எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. இந்தக் கொடுக்கல் வாங்கல் எவ்வளவு வலுவானதோ அவ்வளவு நிறை. எலக்ட்ரானின் கனமான உறவுத்துகளான மியூவானுக்கு அது எலக்ட்ரானைவிடச் சுமார் 207 மடங்கு வலு. நிறையும் அத்தனை மடங்கு. ஒளித்துகளான போட்டானுக்கு ஹிக்ஸ் புலத்தோடு நேரடித் தொடர்பே இல்லை, நிறையும் இல்லை.

இப்படி எங்கும் நிறைந்த புலம் ஒன்று துகள்களுக்கு நிறை தர முடியும் என்ற கருத்தை 1964-இல் இயற்பியலாளர் ஹிக்ஸும், தனியாக எங்ளேர், பிரௌட் இருவரும் முன்வைத்தார்கள். எலக்ட்ரானுக்கும் அதுவே நிறை தருகிறது என்பது 1967-இல் வைன்பெர்க் சேர்த்தது. அந்தப் புலத்தின் துகளைக் கண்டதாக ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகம் 2012 ஜூலை 4 அன்று அறிவித்தது. அதைக் 'கடவுள் துகள்' என்று அழைப்பதை விட்டுவிடலாம். பக்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்புறம், நம் உடல் எடைக்கெல்லாம் ஹிக்ஸ்தான் காரணம் என்பதும் தவறு. துகள்களின் நிறையை அளக்கும் அலகில் புரோட்டானின் நிறை 938 மெகா எலக்ட்ரான் வோல்ட். உள்ளே இருக்கும் குவார்க்குகள் என்ற நுண்துகள்களின் சொந்த நிறை அதில் ஏறக்குறைய 1 சதவீதம்தான். மற்றது அவற்றைக் கட்டிவைத்திருக்கும் ஆற்றல்.

பீட்டா சிதைவில் எலக்ட்ரானோடு எதிர்நியூட்ரினோவும் கிளம்புகிறது. அது மின்சுமையற்ற, மிக லேசான துகளான நியூட்ரினோவின் எதிர்த்துகள். நியூட்ரினோக்களில் வலக்கை வகையை இதுவரை யாரும் கண்டதில்லை. ஆனாலும் அவற்றுக்கு நிறை உண்டு. அது எப்படி வந்தது என்பதற்கு இன்னும் விடையில்லை. நியூட்ரினோ வகைகளில் எது கனம், எது லேசு என்ற வரிசையை அறிய, தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. மலையைக் குடைவது குறித்த ஊர்மக்களின் அச்சத்துக்கு நேரில் உட்கார்ந்து பதில் சொல்லி, அதைக் கட்டி முடித்திருக்க வேண்டும்.