எந்தத் தக்காளிச் செடியிலிருந்து விதை எடுப்பது?

மாடித்தோட்டம் வைத்திருக்கும் மதுரை வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். கடையில் பாக்கெட்டாக வாங்கிய விதையிலிருந்து சென்ற ஆண்டு வளர்ந்த தக்காளிச் செடிகள் எல்லாம் ஒரே சீராகக் காய்த்தன. அந்தப் பழங்களிலிருந்து அவரே எடுத்த விதையில் இந்த ஆண்டு வந்த செடிகளோ ஒன்று நெட்டையாகவும் இன்னொன்று குட்டையாகவும், ஒன்றில் உருண்டைப் பழமும் மற்றொன்றில் முட்டை வடிவப் பழமுமாகவும் நிற்கின்றன. விதை கெட்டுவிட்டதா என்பது முதல் கேள்வி. அடுத்த பட்டத்துக்கு எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பது இரண்டாவது.

மெண்டலின் பட்டாணியைப் பள்ளியில் படித்தவர்கள் முதல் கேள்விக்கு விடை சொல்லிவிடுவார்கள். பாக்கெட்டில் இருந்தது வீரிய ஒட்டு விதை, அதாவது இரு வேறு தூய பெற்றோரைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை. அந்தத் தலைமுறையில் எல்லாச் செடிகளிலும் ஒரே மரபணுக் கலவை இருப்பதால் அவை ஒத்திருக்கின்றன. அடுத்த தலைமுறையில் 12 இணைக் குரோமோசோம்களில் உள்ள மரபணுக்கள் பிரிந்து புதிதாகக் கூடுவதால் செடிக்குச் செடி வேறுபடுகின்றன. ஆகவே விதை கெடவில்லை. இதை மரபணு மாற்றப் பயிர் என்று சிலர் பயமுறுத்துவதும் தவறு. இந்தியாவில் மரபணு மாற்றத் தக்காளி எதையும் பயிரிட அனுமதியே இல்லை. பெற்றோர் வேறுபட்டிருந்த மரபணு இடங்களில் கலப்பாக இருப்பவற்றின் பங்கு, தன்மகரந்தச் சேர்க்கை நடந்தால், தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகக் குறையும்: இரண்டாம் தலைமுறையில் 50 விழுக்காடு, மூன்றாவதில் 25, நான்காவதில் 12.5 என்று இறங்கி, ஏழாவதில் 2 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடும். பிடித்த செடியிலிருந்தே தொடர்ந்து விதை எடுக்கும் பொறுமை இருந்தால், வாசகருக்கென்றே ஒரு நிலையான ரகம் கிடைத்துவிடும்.

"தன்மகரந்தச் சேர்க்கை நடந்தால்" என்ற நிபந்தனையைத் தக்காளி எப்படி நிறைவேற்றிக்கொள்கிறது என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. நன்றாக மலர்ந்த தக்காளிப் பூ ஒன்றைக் கிள்ளி எடுத்துப் பாருங்கள். மஞ்சள் இதழ்கள் பின்னோக்கி மடிந்திருக்க, நடுவில் ஒரு குறுகிய மஞ்சள் கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அது பெரும்பாலும் ஐந்தாறு மகரந்தப்பைகள் பக்கவாட்டில் சேர்ந்து நிற்பதால் உண்டான குழாய். அவற்றின் விளிம்புகளில் உள்ள நுண்ணிய மயிர்கள் ஒன்றோடொன்று பின்னி ஜிப்பைப்போலப் பூட்டிக்கொள்கின்றன. கூம்பை நகத்தால் நெடுக்காகக் கீறித் திறந்தால், உள்ளே வெளிர்பச்சையாக ஒரு மெல்லிய சூலகத்தண்டும் அதன் நுனியில் மகரந்தத்தை ஏற்கும் பிசுபிசுப்பான சூலகமுடியும் தெரியும். மகரந்தப்பைகள் வெளிப்புறமாக வெடிப்பதில்லை; குழாயின் உட்பக்கமாகப் பிளந்து தூளை உள்ளேயே கொட்டுகின்றன. பூ தலைகீழாகத் தொங்குவதால் அந்தத் தூள் குழாய் வழியே கீழே சரிந்து, வாயருகே காத்திருக்கும் சூலகமுடியின்மேல் விழுகிறது. காற்றில் காம்பு சற்று ஆடினாலே போதும். விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் இன்னும் நல்லது. காற்றசைவே இல்லாத பால்கனியில் பூத்தும் காய்க்காத செடிகளுக்கு இந்த ஒரு வைத்தியமே பல சமயம் போதுமானதாக இருக்கிறது.

ஆனால் தக்காளி எப்போதும் இப்படி இருந்ததில்லை. பெருவின் வறண்ட கரையோரங்களிலும் ஆண்டிஸ் மலைச் சரிவுகளிலும் வளரும் அதன் காட்டு உறவினங்கள் பலவற்றில் சூலகத்தண்டு கூம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். தேனீ வேறொரு செடியிலிருந்து கொண்டுவரும் மகரந்தம் முதலில் படுவதற்கான ஏற்பாடு அது. சில காட்டினங்கள் தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதே இல்லை. மனிதன் வளர்க்கத் தொடங்கி, அந்தத் தேனீக்கள் இல்லாத நாடுகளுக்கும் கொண்டு சென்றபோது, தானாகவே காய்க்கும் செடிகள்தாம் தாக்குப்பிடித்தன. சூலகத்தண்டின் செல்கள் எவ்வளவு நீள வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கும் 'ஸ்டைல் 2.1' என்ற மரபணுவை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் அடையாளம் காட்டினார்கள். வியப்பு என்னவென்றால், அந்த மரபணு உருவாக்கும் புரதம் கெடவில்லை. அது எப்போது, எவ்வளவு இயங்க வேண்டும் என்று கட்டளையிடும் முன்பகுதியில்தான் மாற்றம் நேர்ந்திருக்கிறது. அதன் விளைவாக அந்த மரபணுவின் இயக்கம் குறைந்து, தண்டு குறுகி, சூலகமுடி கூம்புக்குள் அடைக்கலமாகிவிட்டது. பக்கத்தில் வேறு ரகம் இருந்தும் நாம் எடுக்கும் விதை பெரும்பாலும் தாய்ச்செடியைப்போலவே வருகிறது என்றால், இந்தக் குட்டைத் தண்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இன்றைய பெரும்பாலான ரகங்களில் அயல்மகரந்தம் கலப்பது நூற்றுக்கு ஓரிரண்டு, மிஞ்சினால் ஐந்து என்ற அளவில்தான் இருக்கும். இதற்கு விலக்குகளும் உண்டு. சில பழைய பெரும்பழ ரகங்களிலும் மிகச் சிறிய பழம் தரும் சில ரகங்களிலும் சூலகமுடி இன்றும் வெளியே எட்டிப் பார்க்கும். கோடை வெப்பமும் பல ரகங்களில் சூலகத்தண்டை வெளியே நீளச் செய்துவிடும். அப்போது சொந்த மகரந்தமும் சரியாக விழாது, வேறு மகரந்தம் வந்து சேரவும் வழி திறக்கும். நாம் தேனுக்காக வளர்க்கும் தேனீக்களுக்குத் தக்காளிக் கூம்பை உலுக்கத் தெரியாது. வயிற்றில் நீலப் பட்டைகள் கொண்ட தேனீயும் கருவண்டும் பூவைப் பற்றிக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் பறப்புத் தசைகளை மட்டும் அதிரச் செய்து தூளை உதிர்க்க வல்லவை. ஆகையால் விதைக்கென்று ஒரு செடியைத் தேர்ந்தால், முதலில் அதன் பூவைப் பாருங்கள். சூலகமுடி வெளியே தெரிந்தால், மொட்டு விரியும் முன்பே பூங்கொத்தின்மேல் மெல்லிய வலைத்துணிப் பையைக் கட்டி, நாளுக்கு ஒருமுறை தட்டிவிட்டு, காய் பிடித்ததும் பையை அவிழ்த்து அடையாளத்துக்கு ஒரு நூலைக் கட்டிவைக்கலாம்.

இனி இரண்டாவது கேள்வி. ஒரு செடியில் உள்ள எல்லாப் பழங்களும் ஒரே தாயின் மரபணுக்களைக் கொண்டவை. அவற்றில் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருப்பதற்கு இடமும் வெயிலும் தண்ணீருமே காரணம். ஆகவே கூடையில் இருப்பதிலேயே பெரிய பழத்தைத் தேடி விதைக்கு எடுத்துவைக்கும் வழக்கத்தால் பயன் ஏதும் இல்லை. தேர்ந்தெடுக்க வேண்டியது செடியை. இலைச்சுருட்டு நோய் பக்கத்துச் செடிகளை முடக்கியபோதும் நிமிர்ந்து நின்றதா, தொட்டியின் அளவுக்கு அடங்கியதா, கடைசிக் கொத்துவரை காய்த்ததா என்று பார்ப்பதே சரியான சோதனை.

தீர்ப்புச் சொல்லும் பருவத்தையும் கவனிக்க வேண்டும். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் சரியாக உருவாவதில்லை. பூ விரிவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் முந்தைய நாட்களே இதில் முக்கியமானவை. இன்று கொட்டும் பூவுக்குக் காரணம் போன வாரத்து இரவுகளாக இருக்கலாம். கண்பட்டுவிட்டது என்று மாடிக் கைப்பிடிச் சுவரில் திருஷ்டி பொம்மை கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே இடத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். அதேபோல் 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமியான லைகோபீன் உருவாவது தடைபட, மஞ்சள் நிறமிகள் தொடர்ந்து உருவாகின்றன. சித்திரையில் ஆரஞ்சு நிறத்தில் பழுத்ததைப் பார்த்து நிறம் போதவில்லை என்று ஒரு ரகத்தைக் கழித்துவிடக் கூடாது. மார்கழியில் அதுவே நல்ல சிவப்பாகப் பழுக்கும்.

காம்பருகே பச்சைத் தோள் கொண்ட பழங்களையும் பலர் ஒதுக்குகிறார்கள். அந்தப் பச்சை, காயிலேயே ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகங்கள் நிறைந்த பகுதி. சந்தைக்காக ஒரே சீராகப் பழுக்கும் ரகங்களைத் தேர்ந்ததில் அதற்குரிய மரபணு செயலிழந்தது என்றும், அதனால் பழத்தில் சர்க்கரையும் குறைகிறது என்றும் 2012இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெரியகுளத்தில் அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் சடுதிமாற்றத்தை, அதாவது மரபணுவில் திடீர் மாற்றத்தைத் தூண்டி உருவாக்கிய பி.கே.எம். 1 ரகத்தில் இந்தப் பச்சைத் தோள் இருக்கிறது. குட்டையாக வளர்ந்து அடங்கும் செடி, விதை எடுத்து மறுபடியும் விதைக்கலாம் என்பதால் தொடங்குபவர்களுக்கு நான் அதையே சொல்வேன். நோய்த் தொல்லை மிகுந்த இடத்தில், இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும்படி பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆர்கா ரக்ஷக் உதவும். ஆனால் அது வீரிய ஒட்டு என்பதால் ஒவ்வொரு முறையும் விதை வாங்கியாக வேண்டும். லாரியில் நசுங்காத தக்காளிக்கு ஆராய்ச்சிப் பணம் எளிதாகக் கிடைக்கிறது. தொட்டியில் வளர்ந்து, ரசத்துக்குப் புளிப்பாக இருந்து, விதையும் தரும் ரகத்துக்குச் செலவிட அரசு நிறுவனங்களைத் தவிர வேறு யாருக்கும் காரணம் இல்லை என்பதால், அவற்றின் நிதியில் கைவைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

தேர்ந்த செடியில் நன்கு கனிந்த பழத்தின் விதைகளைச் சாற்றோடு கிண்ணத்தில் பிழிந்து, நம் வெப்பத்துக்கு ஓரிரு நாள் புளிக்கவிட்டால், முளைப்பைத் தடுக்கும் வழவழப்பான உறை கரைந்துவிடும். பிறகு அலசி, மிதக்கும் பொக்கு விதைகளை நீக்கி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். விதையைப் போட்டுவைக்கும் காகித உறையின்மேல் ரகத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் மட்டுமன்றி, பூவின் சூலகமுடி உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்பதையும் எழுதிவையுங்கள்.